இல்லாத வயிற்றுவலி

"வயித்து வலின்னு எழுதிப்போடு கண்ணு. பொண்ணு பேரும் கெடாது, மில்லு பேரும் கெடாது," என்றார் அப்பா பொங்கியண்ணன், ஏதோ குழம்புக்கு உப்புப் போதாது என்று சொல்வதுபோல.

புவனாவின் கையிலிருந்த இட்லி தட்டிலேயே விழுந்தது. அப்பா இதே வார்த்தையை இதே குரலில் சொல்லி அவள் ஒரு தடவை கேட்டிருக்கிறாள்.

அவிநாசி சாலையில் ஒரு நூற்பாலையில் அவள் பி.ஆர்.ஓ. மில்லின் பேரைக் காப்பாற்றுவதுதான் உத்தியோகம். விடிந்ததும் முதலாளி அருள்குமார் போனில் கூப்பிட்டிருந்தார். விடுதியில் கிருபா என்ற பெண் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். சூப்பர்வைசரைப் பற்றி அவள் இரண்டு தடவை புகார் கொடுத்தது புவனாவுக்குத் தெரியும். முதலாளிக்கும் தெரியும்.

"அவங்கப்பன் ஐயாசாமிகிட்டப் பேசிட்டேனுங்க அம்மணி. புள்ள பேரு சந்தி சிரிக்கும்னு சொன்னதும் அந்தாளு கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. பேப்பர்க்காரங்களுக்கு மரியாதையா ஒரு வரி சொல்லிப்போடுங்க," என்றிருந்தார் முதலாளி.

எவ்வளவு பதவிசான ஊர் பாருங்கள்! பொய்யைக்கூட 'ங்க' போட்டுத்தான் சொல்லும். சூப்பர்வைசர் பேர் வெளியே வந்தால் அநியாயம். செத்தவள் தலையில் இல்லாத வலியைக் கட்டினால் அது மரியாதை. இந்தத் தொழிலுக்கும் அறம் உண்டு என்று கல்லூரியில் ஒரு பாடம் வைத்திருந்தார்கள். புவனா அதில் முதல் மார்க். ஆனால் தொழிலை அவள் கற்றது அங்கே இல்லை.

பதினாலு வயதில், இதே வீட்டு வாசலில் கற்றாள். ஊருக்கு வெளியே காலனியில் இருந்த ஆல்வினைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொன்ன அக்கா கோகிலவாணி, பின்கட்டு அறையில் அடைபட்டு, ஒரு காலையில் பிணமாக வெளியே வந்தாள். "வர்றவங்ககிட்ட வயித்து வலின்னு சொல்லு கண்ணு," என்று அப்பா புவனாவை வாசலில் நிறுத்தினார். அழுதுகொண்டே எல்லோரிடமும் பிசகாமல் சொன்னாள். கெட்டிக்காரப் பிள்ளை என்று பெரியம்மா தலையைத் தடவினாள்.

அக்காவுக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும். அந்த அறையின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "ஏம்புள்ள அப்படிச் சொன்னே?" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்கும். யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் புவனாவுக்கும் ஒரு வியாதி கண்டுபிடிப்பார்கள்.

இன்று காலை அங்கே இரண்டு குரல்கள் கேட்டன.

கைப்பேசி அடித்தது. மாலைப் பத்திரிகை நிருபர் சுரேந்தர்.

"ஏனுங்க மேடம், அந்த மில்லுப் புள்ள சமாச்சாரம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நானே வயித்து வலின்னு அடிச்சு வெச்சுட்டனுங்க. அனுப்பிப்போடட்டுங்களா?"

ஐயோ, ஆளாளுக்கு எத்தனை கருணை! எதிரே பொங்கியண்ணன், சரியென்று சொல்லும்படி தலையை ஆட்டினார்.

புவனா அவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"வேண்டாங்க. வயிறு நல்லாத்தான் இருந்துச்சுங்க. ரெண்டு பேருக்கும்."

"ரெண்டு பேருங்களா? ஒரு புள்ளதானுங்களே?"

"கிருபா சூப்பர்வைசர் மேல ரெண்டு தடவை புகார் குடுத்தாளுங்க. நான் சொன்னேன்னு என் பேரைப் போட்டே எழுதுங்க."

பொங்கியண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து தெருக்கதவைச் சாத்தினார். அவள் நிறுத்தவில்லை.

"இன்னொண்ணு பழைய சாவுங்க. எங்கக்கா, கோகிலவாணி. அவளை அடைச்சு வெச்ச ரூமுக்கு வெளியிலதான் தாழ்ப்பாள்."

சுரேந்தர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"மேடம், உங்களுக்கு உடம்புக்கு ஏதும் முடியலைங்களா?"

"எனக்கு ஒரு வலியும் இல்லீங்க," என்றாள் புவனா. "எழுதுங்க."