எனக்கொரு பெரியவர் வேண்டும்

எழுபது தாண்டிய என்னைப் பார்த்து, என் மகன் வயதுள்ள ஒருவன், "உங்க வீட்டுப் பெரியவங்களைக் கூட்டிட்டு வாங்க, பேசலாம்" என்றான். நான் ஷஹாத்தா. போர்ட் சயீதில் கப்பல்களைக் கயிறு போட்டுக் கட்டும் வேலை பார்த்தவன். புயலில் நழுவிய ஒரு கிரேக்கக் கப்பலை, டீ வந்து சேரும்வரை ஒற்றைக் கையால் பிடித்து நின்றவன். ஊரே இதை அறியும். நானே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்குப் பெரியவர் வேண்டுமாம்.

சொன்னவன் ஹிஷாம். கால்வாய்க்கு அக்கரையில், போர்ட் ஃபுவாதில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். அவனுடைய அம்மா இன்ஷிராஹ்வைத்தான் நான் பெண் கேட்டுப் போயிருந்தேன். அவள் ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியை. கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. அக்கரைக்குப் போகும் படகில் ஒரு கடல்காகம் என் கையிலிருந்த, தாமிய்யா என்ற பயறு வடை வைத்த ரொட்டியைப் பறித்துக் கொண்டுபோய் அவள் மடியில் போட்டது. பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் திருப்பித் தந்தாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரு வேலையும் இல்லாமல் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய் வந்துகொண்டிருந்தோம்.

ஹிஷாம் சொன்னது வழக்கப்படி சரிதான். எங்கள் ஊரில் மாப்பிள்ளை தனியாகப் போய்ப் பெண் கேட்பதில்லை. கூட ஒரு பெரியவர் வந்து பேச வேண்டும். ஆனால் என் பெரியவர்கள் எல்லாரையும் நானே என் கையால் அடக்கம் செய்துவிட்டேன். அவர்களைக் கூட்டி வந்தால் இவன் வீட்டு நாற்காலிகள் போதாது.

என் மகன் அஷ்ரஃபிடம் போனேன். வங்கியில் அதிகாரி. கதவைச் சாத்திவிட்டு, "பாபா, அம்மா போய் அஞ்சு வருஷம்தான் ஆகுது. இந்த வயசுல எங்க மூஞ்சில கரி பூசணுமா?" என்றான். பிறகு அவனும் அவன் தங்கையும் போட்டு வைத்திருந்த திட்டத்தைச் சொன்னான். என் வீட்டைப் பூட்டிவிட வேண்டும். நான் ஒரு மாதம் அவன் வீட்டிலும் அடுத்த மாதம் அவள் வீட்டிலும் இருக்க வேண்டும். என் கட்டில் யாருக்கு என்பது வரை பேசி முடித்திருந்தார்கள். என்னை மட்டும்தான் கேட்கவில்லை. ஐந்து வருஷம் நான் தனியாக முட்டை பொரித்துத் தின்றபோது, அம்மாவின் நினைவு இவர்களில் யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை.

ஆத்திரத்தோடு நேராக நபவிய்யாவின் வீட்டுக்குப் போனேன். என் மனைவி சுஹைரைப் பெற்றவள். தொண்ணூறு தாண்டிவிட்டது. ஐம்பது வருஷமாக என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. வெள்ளிதோறும் நான் கொண்டுபோகும் மீனைச் சின்னது என்று குறை சொல்லிக்கொண்டே முள் வரைக்கும் தின்பாள். விஷயத்தைச் சொன்னேன். "என்னைக்குப் போகணும்?" என்று மட்டும் கேட்டாள்.

ஹிஷாம் வீட்டு மாடிப்படிகளில் அவளை முதுகில் சுமந்துகொண்டு ஏறினேன். பாதி வழியில் தூங்கிவிட்டாள். மேலே போனால் அஷ்ரஃப் உட்கார்ந்திருக்கிறான். அவனும் ஹிஷாமும் போனில் பேசிக் கூட்டுச் சேர்ந்திருந்தார்கள். இன்ஷிராஹ்வை, பேரப்பிள்ளை எடுத்தவளை, புதுப்பெண் மாதிரி அடுக்களையில் உட்கார வைத்திருந்தார்கள்.

இனிப்புப் பெட்டியை நடுவில் வைத்தேன். அஷ்ரஃப் எழுந்து நின்றான்.

"நேனா, பாட்டியா இருந்துக்கிட்டு நீங்களுமா? உங்க பொண்ணு இருந்த இடத்துல இன்னொருத்தியா?"

நபவிய்யா முக்காட்டைச் சரி செய்துகொண்டாள். "அவ என் வயித்துல பொறந்தவ. எனக்குப் பதிலா அழறதுக்கு உனக்கு நான் பவர் எழுதிக் குடுக்கலையேப்பா. அவ படுத்த படுக்கையா கெடந்தப்ப தலை வாரிவிட்டது இந்தப் பொய்யன்தான். நீ போன்ல விசாரிச்ச."

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் விரித்தாள்.

"சுஹைருக்காக ஒரு ஃபாத்திஹா ஓதுங்க" என்றாள்.

இறந்தவளுக்காக என்று சொன்னபின் யார் மறுப்பார்கள்? எல்லார் கைகளும் தாமாக விரிந்தன. அஷ்ரஃபின் கண்கூடக் கலங்கியது. முணுமுணுத்து ஓதினோம், ஆமீன் சொன்னோம், முகத்தைத் தடவிக்கொண்டோம்.

"மப்ரூக். நல்லா இருங்க" என்றாள் நபவிய்யா.

அப்போதுதான் மகன்களுக்கு உறைத்தது. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒரே அறையில் உட்கார்ந்து, நடுவில் இனிப்பை வைத்து ஃபாத்திஹா ஓதினால், எங்கள் ஊரில் அதுதான் நிச்சயதார்த்தம். பக்கத்து பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் ஆமீனைக் கேட்டுக் குலவையிட்டாள். மாடிப்படி முழுக்கக் குலவை ஏறி இறங்கியது. கால்வாயில் போன கப்பலும் பதிலுக்கு ஊதியது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

"இது மவுத்தானவங்களுக்கு ஓதினது!" என்றான் ஹிஷாம்.

"கல்யாணத்துக்குன்னு வேற ஃபாத்திஹா இருக்கா? இருந்தா எடுத்துட்டு வா, அதையும் ஓதிடலாம்" என்றாள் நபவிய்யா.

அடுக்களைத் திரை விலகியது. சர்பத் தட்டோடு இன்ஷிராஹ் வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. தட்டை வைத்த வேகத்தில் சர்பத் தளும்பியது.

"ஹிஷாம், உனக்கு நடக்கக் கத்துக் குடுத்தவ நான். எனக்கு நீ வாசல் காவலா?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்களும்தான் ஷஹாத்தா. என் பையனைக் கேட்டீங்க. உங்க பையனைக் கேட்டீங்க. இந்த அம்மாவை முதுகுல தூக்கிட்டு வந்தீங்க. என்னைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லைதான். இத்தனை நாளும் நான் யார்மேல் கொதித்துக்கொண்டிருந்தேனோ, அவர்கள் செய்ததையே நானும் செய்திருந்தேன். வாயைத் திறந்தேன், ஒரு பொய்கூட வரவில்லை. "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"சம்மதம்" என்றாள். "இதை என் வாயால சொல்லணும்னுதான் அங்க உக்காந்து பொறுமிக்கிட்டிருந்தேன்."

ஹிஷாம் தலையைக் குனிந்துகொண்டான். அஷ்ரஃப் சர்பத்தைத் தொடாமலே கிளம்பிப் போனான். நான் கூப்பிடவில்லை. அவன் கோபம் அவனுக்கு இருக்கட்டும். என் கட்டிலைப் பங்கு போட்ட கோபம் எனக்கும் இன்னும் ஆறவில்லை.

நபவிய்யா அவனுடைய டம்ளரைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, சீனி குறைச்சல் என்றாள்.