தவக்காலத்துப் பூ

ஜன்னல் திரையை விலக்கிய யோசெப்பின் அலறிவிட்டாள்.

"ஐயோ, பூத்திட்டுது!"

கணவர் தேவதாசன் தேநீர்க் கோப்பையோடு ஓடிவந்தார். வீட்டுச் சுவரோரம் மஞ்சள் டாஃபடில் பூ ஒன்று விரிந்திருந்தது. பக்கத்தில் எல்லாம் மொட்டு. மார்ச் மாதம் முடியுமுன்பே, பனி ஊரான வில்லரேயில் ஆட்கள் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

"பூத்தா நல்லதுதானே. அதுக்கேன் செத்த வீடு மாதிரிக் கத்துறீர்?"

"பாஸ்குவுக்கு இன்னும் எவ்வளவு நாள் கிடக்கு!"

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

மகன் றெக்ஸ் வயது கூடியதால் குடும்பத்தோடு ஸ்பொன்சரில் வெளிநாடு வர முடியாமல் மன்னாரில் தங்கியவன். ஆட்களைக் களவாக அனுப்பும் ஏஜென்சிக்காரனை நம்பிப் புறப்பட்டான். டிசம்பரில், நத்தாருக்கு முன்பு மொஸ்கோவிலிருந்து பேசினான். பிறகு சத்தமே இல்லை. ஏஜென்சிக்காரனின் தொலைபேசியும் செத்துவிட்டது. மகன் புறப்பட்ட அன்று யோசெப்பின் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்தாள். பிள்ளை உயிரோடு வந்து சேர வேண்டும். தன் கையால் வளர்த்த பூவை பாஸ்குவான உயிர்த்த ஞாயிறன்று இங்குள்ள கோயிலில் மாதாவின் காலடியில் வைப்பாள். அதற்காகவே கிழங்குகளை நட்டாள். நேர்த்தி தவறினால் பிள்ளையும் தவறிப்போவான் என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. முன்கூட்டியே கொண்டுபோய் வைக்கவும் வழியில்லை. பாஸ்கு வரைக்குமான தவக்காலத்தில் கோயிலுக்குள் பூ வைப்பதில்லை.

"கடையில வாங்கி வைப்பமே," என்றார் தேவதாசன்.

"என்ர கைப்பூ எண்டு சொல்லிப்போட்டு, மாதாவை ஏமாத்தச் சொல்லுறீங்களோ?"

அன்று மாலையே சந்தைக்குப் போகும் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். சூப்பர்மார்க்கெட் கார் நிறுத்துமிடத்தின் மூலையில், குளிர்காலம் முழுக்க வழித்துக் குவித்த பனி கறுத்த மலையாக இன்னும் கிடந்தது. மண்வெட்டியால் கொத்தி வாளிகளில் நிரப்பினாள். வீட்டுக்குக் கொண்டுவந்து செடிகளைச் சுற்றி அணை கட்டினாள். மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். குளிர் பிடித்தால் மொட்டு உறங்கும் என்று கணக்குப் போட்டாள். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்தது. நிறுத்தவில்லை.

அந்த வாரக் கடைசியில் இலைகளின் நுனிகள் தீய்ந்து பழுப்பாயின. மொட்டுகள் சுருண்டு தொங்கின.

தேவதாசன் குனிந்து மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துத் துப்பினார்.

"உப்பு! எங்கையப்பா அள்ளினீர் இந்தப் பனியை?"

"பாக்கிங்கில."

"விசரோ உமக்கு? பனி உருக ரோட்டுக்குப் போட்ட உப்பு முழுக்க அதுக்குள்ளதானே! ஒவ்வொரு வருசமும் சப்பாத்தில வெள்ளைக் கோடு விழுறதைக் கண்டனீர்தானே?"

அவள் உள்ளே ஓடினாள். வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். செடிகள் மண்ணோடு சாய்ந்தன. சுவரை ஒட்டி நின்ற சில பூக்கள் மட்டும் தப்பின. அவையும் முழுதாக விரிந்துவிட்டன. இனிப் பல நாள் தாங்கா.

ஞாயிற்றுக்கிழமை அவற்றை வெட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். மாதா சொரூபம் தவக்கால ஊதாத் துணியால் மூடப்பட்டிருந்தது. பீடம் வெறுமையாக இருந்தது. கோயில் வேலைகளைக் கவனிக்கும் நீக்கிலாப்பிள்ளை குறுக்கே வந்தார்.

"தங்கச்சி, என்ன இது? தவக்காலமெல்லோ! வைக்கேலாது."

"பாஸ்கு வரைக்கும் இது நிக்காது அண்ணை."

"அதுக்கு நான் என்ன செய்ய? வைக்கக் கூடாதெண்டால் கூடாது."

"வைக்கத்தானே கூடாது? நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

இதற்கு ஒரு சட்டம் நீக்கிலாப்பிள்ளை கேள்விப்பட்டதில்லை. "என்னவோ செய்யும்," என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

பூசை தொடங்கியது. எல்லாரும் உட்கார்ந்தார்கள், முழந்தாளிட்டார்கள், மறுபடி உட்கார்ந்தார்கள். மூடிய சொரூபத்தின் முன்னால் யோசெப்பின் மட்டும் பூக்களை ஏந்தியபடி நின்றாள். பின்வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள். பிரசங்கம் நீண்டது. தாழ்ந்துபோன பூக்களை அவள் மறுபடி உயர்த்திப் பிடித்தாள். ஒரு இதழ் உதிர்ந்து விழுந்தது.

தேவதாசன் எழுந்து வந்து அருகில் நின்றார்.

"கை நோகுதோ?"

"ஓம்."

"கொஞ்ச நேரம் என்னட்டைத் தாரும்."

"தரமாட்டன்," என்றாள் யோசெப்பின், சொரூபத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "என்ர கையால எண்டுதான் மாதாவுக்குச் சொன்னனான்."

அவர் அவளுடைய முழங்கைகளுக்கு அடியில் தன் கைகளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார்.