ஜாகோவின் கோட்டு

அன்று காலை நான் இரண்டு இறைச்சிப் பொதிகள் சுட்டேன். உருளைக்கிழங்கையும் உப்பிட்ட மாட்டிறைச்சியையும் நறுக்கி மாவுக்குள் வைத்து மடித்து, ஓரத்தைக் கயிறுபோல் முறுக்கி, ஒன்றின் மூலையில் கத்திமுனையால் D என்று கீறினேன். பாதி தின்று வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினால் எது யாருடையது என்று தெரியவேண்டும் என்பதற்காக, கடல் கடந்து வந்த எங்கள் கார்ன்வால் பெண்கள் செய்வது இது. சுரங்கக் குழியில் இருப்பது இரண்டே பேர் என்றாலும் கீறாமல் விடமாட்டோம். மற்றதில் J என்று கீறினேன். அது எனக்கு.

என் கொழுந்தனார் ஜாகோவின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு, அவருடைய தொப்பிக்குள் தலைமயிரைச் செருகிக்கொண்டு வெளியே வந்தேன். என் கணவர் டிகோரி வாசலில் நின்று பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏண்டா ஜாகோ, மீசைய எங்கடா விட்டுட்டு வந்த?"

"ராத்திரி ஆடு மேஞ்சிடுச்சுண்ணே" என்றேன் குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு.

"இப்படிச் சிரிச்சா ஒருத்தனும் நம்பமாட்டான். ஜாகோ என்னைக்குச் சிரிச்சான்?"

"அண்ணன் மூஞ்சிய தினமும் பாத்தா எவனுக்குச் சிரிப்பு வரும்?"

குழிக்குப் போகும் வழியில் எங்கள் குத்தகை நிலத்தின் வடகிழக்கு மூலைக் கம்பம் இருந்தது. குத்தகை எங்களுக்குக் கிடைத்த வருஷம் அவரே நட்டது. நட்ட நாளிலிருந்தே அது ஓடைப் பக்கம் சாய்ந்திருந்தது.

"குடிச்சவன் மாதிரி நிக்குது. நேரா நிறுத்தினா என்ன?" என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"தரைக்கு மேல மூணடி இருக்கணும்னுதான் சட்டம். நேரா நிக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? போடி, இல்ல, போடா."

இந்த நாடகம் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

வில்கா ஓடையில் பொன் குத்தகை என்றால் நிலத்தை வாங்கிப் போட்டுவிட்டுத் தூங்குவதற்கில்லை. இவ்வளவு பரப்புக்கு இத்தனை ஆள் என்று கணக்கு உண்டு. எங்கள் குத்தகைக்கு இரண்டு ஆள். வேலைநாளில் ஆள் குறைந்தால் யார் வேண்டுமானாலும் வார்டனிடம் போய், "அங்கே வேலை நடக்கவில்லை, எனக்குக் கொடுங்கள்" என்று கேட்கலாம். பொன்வயல் சட்டத்துக்கு அவர்தான் நீதிபதி. அப்படிக் கேட்டே பிழைத்தவன் ஹெஸ்கெத். அவன் கையில் ஒரு நாளும் நான் மண்வெட்டியைப் பார்த்ததில்லை. காலையில் செந்நிறக் குதிரையில் மேட்டு விளிம்போடு போவான். ஒவ்வொரு குழிவாயிலும் தலைகளை எண்ணுவான்.

அந்த வருஷம் வடக்கிலிருந்து உண்ணி வந்தது. மாடுகள் ரத்தமாக மூத்திரம் பெய்து, நின்ற இடத்திலேயே விழுந்தன. வண்டிக்கார ஹன்ரஹானின் காளைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. உடனே அரசாங்கம் வரைபடத்தில் ஒரு கோடு கிழித்தது. கோட்டுக்கு அந்தப் பக்கத்து மாடு இந்தப் பக்கம் வரக்கூடாது, இந்தப் பக்கத்து மாடு அந்தப் பக்கம் போகக்கூடாது. நாங்கள் வெட்டியெடுத்த கல் குழிவாயில் குவிந்து கிடந்தது. அதை அரைக்கும் ஆலைக்கு இழுத்துப்போகக் காளை இல்லை. குழிக்குள் முட்டுக்கொடுக்க மரம் கொண்டுவரவும் காளை இல்லை.

சாப்பாட்டுக்கு வழி பார்க்க ஜாகோ தெற்கே ஆட்டுமயிர் கத்தரிக்கப் போனார். உண்ணியைக் காரணம் காட்டி, கொஞ்ச காலம் ஆள் இல்லாமல் இருக்க அனுமதி வேண்டும் என்று டிகோரி வார்டனுக்கு மனு எழுதி, சட்டப்படி ஒரு நகலைக் கம்பத்தில் ஆணியடித்து வைத்தார். ஆனால் வார்டன் எங்கள் பக்கம் வந்து விசாரிக்கும்வரை சட்டம் சட்டம்தான். இரண்டு தலை தெரியவேண்டும். அதனால்தான் கோட்டு.

குழிவாயில் வாளி ஏற்றும் ராட்டினத்தைச் சுற்றுவது எனக்குப் பழகிவிட்டது. டிகோரி கீழே வாளியை நிரப்புவார், கயிற்றை இரண்டு தடவை இழுப்பார், நான் சுற்றி மேலே ஏற்றுவேன். மேலே ஆள் இல்லாமல் கீழே இறங்குவதில்லை. அது அரசாங்கம் போட்ட விதி அல்ல. எங்கள் அப்பாக்கள், அவர்களின் அப்பாக்கள் எல்லாரும் கைக்கொண்ட விதி.

அன்று நாங்கள் ராட்டினத்தைத் தொடுவதற்குள் ஒரு குதிரைக்காரன் வந்து கத்திவிட்டுப் போனான். "கால்நடை இன்ஸ்பெக்டர் வந்திருக்கார்! எல்லா மாட்டையும் ஓடைத்துறைப் பட்டிக்கு ஓட்டிட்டு வாங்க! சொந்தக்காரங்க கூட இருக்கணும்! ஆள் இல்லாத மாட்டைச் சுட்டுடுவாங்க!"

எங்களுக்கு இருந்தது ஒரே பசு, டில்லி. அவள் பாலை ஆலைக் குடியிருப்பில் விற்றுத்தான் எங்கள் மாவும் தேயிலையும் வந்தன. அவள் என் பேரில் இருந்தாள்.

"போயிட்டு வா" என்றார் டிகோரி. "நான் மேலேயே கல்லு பொறுக்கிட்டு இருக்கேன்."

"ஹெஸ்கெத்து வந்தா?"

"வந்தா வரட்டும். அந்தக் கோட்டக் கழட்டிக் குடு."

கோட்டை ராட்டினத் தூணில் மாட்டி, மேலே தொப்பியை வைத்து, காலடியில் ஜாகோவின் மண்வெட்டியைச் சாய்த்தார். கோட்டும் கருவியும் கிடக்கும் இடத்தில் கைவைக்கக் கூடாது என்பது சுரங்கக்காரர்களின் பழைய மரியாதை. ஆள் பக்கத்தில்தான் இருக்கிறான் என்று அர்த்தம்.

"உன்னைவிட இவன் நல்லா வேலை செய்வான் போலிருக்கே. வாய் பேசமாட்டான்" என்றார்.

"இவனையே பொதி சுடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு டில்லியின் கயிற்றைப் பிடித்து நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்க என்ன இருந்தது?

பட்டியில் நல்ல கூட்டம். இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர், ஸ்காட்லாந்து ஆள். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஒவ்வொரு மாட்டின் வாலடியிலும் தொடையிடுக்கிலும் காதுக்குள்ளும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"என் சம்சாரத்தக்கூட நான் இவ்வளவு தடவிப் பாத்ததில்லப்பா" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்.

"அதான் ஊருக்கே தெரியுமே, உன் சம்சாரம் சொல்லித்தான்" என்றான் இன்னொருவன். பட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

டில்லியின் முறை வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. இன்ஸ்பெக்டர் அவளை இரண்டு தடவை சுற்றி வந்தார்.

"ஒரு உண்ணிகூட இல்லம்மா. என்ன பூசறீங்க?"

"பன்னிக் கொழுப்பும் மண்ணெண்ணெயும்."

"விடாமப் பூசுங்க. இந்த ஓடையில முழுச் சுத்தமா நான் பாத்த ஒரே மாடு இதுதான்."

இதை டிகோரியிடம் எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன். மேட்டுக்கு வந்ததும் ராட்டினத்தருகே ஆள் நிற்பது தெரிந்தது. ஒரு கணம் ஜாகோதான் தெற்கிலிருந்து திரும்பிவிட்டார் என்று நினைத்தேன். கிட்டே போனபோது வெறும் கோட்டு. D என்று கீறிய பொதி துணிக்குள் அப்படியே இருந்தது. குழியில் பாதி ஆழத்துக்குக் கீழே ஈர மண் சரிந்து மூடியிருந்தது.

முந்தின வாரம் முழுக்க மழை. குழியின் கிழக்குச் சுவருக்கு முட்டுக்கொடுக்க மரம் வரும் வரும் என்று காத்திருந்தோம்.

ஆட்கள் ஓடிவந்தார்கள். பகலும் இரவுமாகத் தோண்டினார்கள். எடுக்க எடுக்க மண் இறங்கியது, பிறகு தண்ணீர் ஊறியது. இரண்டாவது சரிவில் ஒருவனுக்குக் கால் முறிந்தபின் யாரும் கீழே இறங்கக்கூடாது என்று மூத்தவர்கள் சொல்லிவிட்டார்கள். நானும் சரி என்றேன். சவப்பெட்டி இல்லாமல், குழிவாயில் நின்று ஜெபப் பாட்டுப் பாடினோம். எங்கள் ஆட்கள் நன்றாகப் பாடுவார்கள். அன்று யாருக்கும் சுருதி சேரவில்லை.

அதன்பின் வார்டன் வந்தார். விசாரணை மதுக்கடையின் பின்னறையில். எங்கள் மனுவும் ஹெஸ்கெத்தின் மனுவும் ஒன்றாக வந்தன. எங்களிடம் வெகுநாளாக இரண்டு ஆள் இல்லை, கோட்டுக்குள் இருந்தது பெண், கடைசி நாளில் கோட்டுக்குள் யாருமே இல்லை, ஆகவே குத்தகை தனக்கு வேண்டும் என்றான் அவன்.

"அன்னைக்கு நீ அந்தப் பக்கம் போனியா?" என்று வார்டன் கேட்டார்.

"போனேன் ஐயா. தூணுக்கிட்ட கோட்டு தெரிஞ்சுது. நான் அப்படியே நின்னேன். கொஞ்ச நேரத்துல கீழேருந்து சுத்தியல் சத்தம் கேட்டுது. ஒருத்தன் மேல, ஒருத்தன் கீழன்னு நெனச்சு வந்துட்டேன்."

டிகோரி ஏன் இறங்கினார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் மேட்டில் நின்றதைப் பார்த்திருக்கிறார்.

"மிஸஸ் பாஸ்கோ, நீங்க என்ன சொல்றீங்க? அந்தக் குத்தகையில ஆள் இருக்கா?"

"இருக்கார் ஐயா" என்றேன். "இறங்கினவர் இன்னும் மேல வரல."

வார்டன் ஹெஸ்கெத்தைப் பார்த்தார். "நீ அங்க தோண்டணும்கிற?"

"பொன்னு கிழக்கால ஓடுது ஐயா. நான் அந்தக் குழியத் தொடவே மாட்டேன்."

"கிழக்குச் சுவருதானேடா சரிஞ்சுது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அவன் எலும்ப விலக்கி வெச்சிட்டு வெட்டுவியா?"

வார்டன் மேசையைத் தட்டி அடக்கினார். பிறகு ஹெஸ்கெத்தின் மனுவைத் தள்ளினார், எங்கள் மனுவை ஏற்றார். ஆனால் எழுந்து போகும்போது என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார். "இந்த அனுமதி கொஞ்ச காலத்துக்குத்தாம்மா. அதுக்கப்புறம் மறுபடி ரெண்டு ஆள் வேணும். இல்லன்னா இன்னொரு ஹெஸ்கெத்து வருவான். அப்ப நான் இங்க இருப்பேனோ மாட்டேனோ."

ஜாகோ மழைக்குப்பின் வந்தார். குழிவாயில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். மேற்கே புதுப் பொன்வயல் திறந்திருக்கிறது, என்னோடு வந்துவிடுங்கள் என்றார். நான் வரவில்லை என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. அவருடைய கோட்டை எடுத்துக் கொடுத்தேன்.

"நீங்களே வெச்சுக்குங்க அண்ணி. உங்களுக்குத்தான் பழகியிருக்கு."

நான் யோசித்து ஒரு வழி கண்டேன். இரண்டு ஆளுக்கு உரிய பரப்பில் பாதியை விட்டுக்கொடுத்தால் ஒரு ஆள் போதும். என் பேரில் சுரங்க வேலைக்கான அனுமதிச் சீட்டு எடுத்தேன்; அதைப் பெண்ணுக்கும் கொடுப்பார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மேற்குப் பாதியை அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுத்தேன். குழி இருக்கும் கிழக்குப் பாதியை வைத்துக்கொண்டேன். அதற்கு வேண்டிய அந்த ஒரு ஆள் நான்தான்.

காலையில் பால் கறந்துவிட்டு ஜாகோவின் கோட்டை மாட்டிக்கொண்டு போவேன். குழியைத் தொடுவதில்லை. தெற்கு எல்லையில் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தேன், அதுவும் வேலைதான். சட்டம் பொன் எடுக்கச் சொல்லவில்லை, வேலை செய்யத்தான் சொல்கிறது. மேட்டில் குதிரைச் சத்தம் கேட்டால் கொஞ்சம் பலமாகக் கொத்துவேன். பொதியில் எழுத்துக் கீறுவதை விடமுடியவில்லை. J என்றே கீறினேன். அந்த வேலைக்குப் போனது ஜாகோவாகத்தான், என் சொந்தப் பேரான மொர்வெனாவாக அல்ல. பேச ஆள் இல்லாத நாட்களில் டில்லியிடம் பேசினேன். பிறகு அவளும் போனாள், வயதாகித்தான், உண்ணிக் காய்ச்சலில் அல்ல.

சில வருஷங்களில் உண்ணிக்காகக் கிழித்த எல்லைக்கோட்டைத் தெற்கே தள்ளினார்கள். ஊசி போட்ட காளைகள் வந்தன. எங்கள் கல் குவியலை ஹன்ரஹானின் மகன் ஆலைக்கு இழுத்துப்போனான். அரைத்ததில் கிடைத்தது குத்தகை வாடகை கட்டப் போதுமானதாக இருந்தது. அதற்குமேல் எனக்கும் வேண்டியிருக்கவில்லை. ஹெஸ்கெத்தும் வேறு வயலுக்குப் போய்விட்டான். இப்போது மேட்டில் யாரும் வருவதில்லை. பலமாகக் கொத்துவதைக் கேட்கவும் ஆள் இல்லை.

போன மாதம் நில அளவைக்காரர் ஒருவர் எல்லை சரிபார்க்க வந்தார். கண்ணாடிக்குழலை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இந்த வடகிழக்குக் கம்பம் சாஞ்சிருக்கேம்மா. நேரா நிறுத்திடவா?"

"குத்தகைக் கம்பத்த அசைச்சா குத்தம் இல்லையா ஐயா?"

"ஆமா, அதுவும் சரிதான்" என்று அடிமட்டத்தை வைத்து உயரம் பார்த்தார். மூன்றடி இருந்தது. ஓடைப் பக்கமாகவே சாய்ந்திருந்தது.