மூக்கில்லாத வண்டி

நசீர் அகமது, திருவண்ணாமலைத் தேரடி டாக்சி நிலையத்தில் நாள்தோறும் முதல் ஆளாக வந்து நிற்பவர். விடியலில் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் தம் அம்பாசடரின் பானட்டை மஞ்சள் துணியால் துடைப்பார். அதன்மேல் உள்ளங்கையை வைத்து, “பிஸ்மில்லா” என்று சொன்ன பின்னரே கதவைத் திறப்பார். வண்டிக்குள் வெற்றிலை போடுபவர் தாசில்தாரேயாயினும், இறங்கித் துப்பிவிட்டு வரச் சொல்வார். முன்னே வந்தவர்க்கே முதற்சவாரி என்னும் முறையை அந்நிலையத்தில் வகுத்தவரும் அவரே.

அம்முறைக்குள் சகாதேவனை மட்டும் அவர் சேர்க்கவில்லை. எண்பத்தாறாம் ஆண்டு ஆவணியில் சகாதேவன் ஒரு வெள்ளை மாருதி வேனை வாங்கி வந்தான். ஜப்பான்காரர்களின் அமைப்பில் செய்த வண்டி என்றார்கள். முன்புறம் பானட்டே இல்லை. எஞ்சின், முன்னிருக்கைக்கு அடியில் இருந்தது.

“மூக்கறுந்த வண்டிப்பா இது! ரொட்டிப் பொட்டிக்குச் சக்கரம் கட்டினாப்பல இருக்குது. இதுல ஏறினா முட்டிதான் மொதல்ல ஊர் போய்ச் சேரும்,” என்றார் நசீர். நிலையமே சிரித்தது. வரிசையில் இடம் கிடையாது என்றாகிவிடவே, சகாதேவன் எதிர்ச்சாரியில் தேநீர்க் கடையோரமாக நின்று, தானே தேடிப் பிடித்த சவாரிகளை ஓட்டிவந்தான்.

மறுமாசியில் ஆரணியில் ஜஹானாராவுக்கு நிக்காஹ் நிச்சயமாயிற்று. அவள் நசீரின் மனைவி அஜ்மத் பேகத்தின் இறந்துபோன தங்கையின் மகள். அஜ்மத்தின் மடியில் வளர்ந்தவள். “பெரியம்மா வந்து தலையில துப்பட்டா போட்டாதான் உக்காருவேன்” என்று சொல்லியனுப்பியிருந்தாள். அஜ்மத்துக்கோ, கிணற்றடியில் வழுக்கி விழுந்ததிலிருந்து வலக்கால் முழங்கால் மடங்குவதில்லை.

நிக்காஹ் நாள் காலையில் நசீர் அம்பாசடரை வாசலிலே நிறுத்தி, அவளை ஏற்றிப் பார்த்தார். முன்கதவிலும் நுழையவில்லை, பின்கதவிலும் நுழையவில்லை அந்தக் கால். வலி பொறுக்காமல் அவள் அலறிவிட்டாள்.

“போதும்ங்க. நீங்க மட்டும் போய் வாங்க. பெரியம்மா வீட்லயே துவா கேக்கறாள்னு புள்ளைகிட்ட சொல்லுங்க,” என்று கூறி, தான் ஜரிகை வைத்துத் தைத்த துப்பட்டாவை அவர் கையில் கொடுத்தாள்.

துப்பட்டாவை வாங்கிக்கொண்ட நசீர் ஆரணிக்குப் போகவில்லை. தேரடிக்கு வந்து, எல்லாரும் பார்த்திருக்க, தெருவைக் கடந்தார்.

“என்ன பாய், ரொட்டி வாங்கப் போறீங்களா?” என்று வரிசையிலிருந்து குரல் கொடுத்தான் இன்னொரு டாக்சிக்காரனான அப்பாசாமி.

நசீர் திரும்பவில்லை. “சகாதேவா, வீட்ல கால் மடங்கல. என் வண்டில ஏற முடியல. ஆரணி போவணும்.”

சகாதேவன் பதிலுக்கு ஆயிரம் சொல்லியிருக்கலாம். தேநீர்க் குவளையை வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்: “எந்தக் காலு பாய்?”

“வலது.”

“அப்போ இடப்பக்கக் கதவுல ஏத்தினா சுளுவு.”

பின்னிருக்கையைக் கழற்றி நசீரின் வீட்டில் இறக்கிவைத்தான். அவ்விடத்தில் மெத்தையை விரித்தான். கதவு பக்கவாட்டில் சறுக்கித் திறந்தது. தாழ்ந்த தளத்தில் அமர்ந்து பின்னோக்கி நகர்ந்த அஜ்மத், காலை நீட்டியபடியே உள்ளே திரும்பிக்கொண்டாள்.

“என்னாங்க, இப்படியே அஜ்மீர் தர்காவுக்கே போயிடலாம் போலக்கீது!” என்றாள் போளூர் தாண்டுகையில்.

முன்னிருக்கையில் நசீரின் முட்டி கண்ணாடிக்கு அருகே இருந்தது. கீழிருந்து எஞ்சினின் சூடு ஏறியது.

“சூடு ஜாஸ்தியா பாய்?”

“கம்மிதான்,” என்றார் நசீர்.

ஆரணியில் அஜ்மத் துப்பட்டாவைப் போர்த்தியபோது, ஜஹானாரா அவள் கையைப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த நசீர், வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்த சகாதேவனை அழைத்து வந்து, தம் பக்கத்திலேயே பந்தியில் அமர்த்தினார்.

திரும்பும் வழியில் அஜ்மத் கேட்டாள்: “தம்பி, ஸ்டாண்டுல உன் வண்டி எங்க நிக்கும்?”

“எதிர்ல நிக்கறேங்க்கா. அங்கதான் நெழல் இருக்குது,” என்றான் சகாதேவன்.

நசீர் அவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் காலையிலும் அவரே முதல் ஆளாக வந்தார். பானட்டைத் துடைத்தார்; கைவைத்து “பிஸ்மில்லா” சொன்னார். பிறகு வண்டியை வரிசையின் முதலிடத்திலிருந்து ஓரிடம் பின்னே தள்ளி நிறுத்திவிட்டு, எதிர்ச்சாரியை நோக்கிக் கையசைத்தார்.

“பாய், நாம வெச்ச முறை என்னா ஆவறது?” என்றான் அப்பாசாமி.

“வெச்சவன் நான்தானே. சகாதேவன் வண்டி இனிமே நம்ம வரிசையிலதான் நிக்கும்,” என்றார் நசீர் அகமது.