இரண்டு நிமிடத்தில் மெர்சிங்

1.

இந்தக் கதை என்னுடையதல்ல. மலேசியாவின் சிகாமட்டில் ஒரு ரொட்டி சானாய்க் கடையில் யோகேஸ்வரி என்னிடம் புலம்பிக்கொண்டிருந்தபோது நைசாகச் சுட்டது. சுட்டதை அவளிடமே சொல்லியும்விட்டேன். "எழுதுங்கக்கா, ஆனா எங்கப்பாவ வில்லனாக்கிடாதீங்க லா" என்றாள். உற்சாகமாக ஆரம்பித்தேன்:

'விடியற்காலைப் பனியில் செம்பனைத் தோட்டங்கள் துயில் கலைந்துகொண்டிருக்க, யோகேஸ்வரி தன்...'

சே, வேண்டாம். அவள் கிளம்பும்போது வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

2.

நேராகவே சொல்கிறேன். மெர்சிங்கில், தீவுகளுக்குப் போகும் படகுகளுக்கு டிக்கெட் பதியும் அலுவலகத்தில் யோகேஸ்வரிக்குக் கணினி வேலை கிடைத்திருக்கிறது. வாராவாரம் வீட்டுக்கு வந்துபோகக் கார் வேண்டும். கார் அவள் அப்பாவுடையது. பெயர் அய்யாவு. செம்பனை லோரி ஓட்டியே காலம் கழித்தவர், சாவியைச் சும்மா கொடுப்பாரா?

"ஒருவாட்டி தனியா போயிட்டு வா, பாக்கலாம். சிம்பாங் முனியாண்டிகிட்ட நின்னு, கற்பூரம் ஏத்தி, சொல்லிட்டுப் போ. அவரச் சும்மா தாண்டிப் போவக்கூடாது."

போனாள். சிம்பாங்கில், அதாவது சாலை பிரியும் இடத்தில், இருக்கும் அந்தக் கோயிலில் நின்றாள். காற்றில் அணைந்து அணைந்து போன கற்பூரத்தை விடாமல் ஏற்றிக் கும்பிட்டாள். மெர்சிங் போய், பத்திரமாகத் திரும்பியும் வந்தாள்.

(அய்யாவு விஷயத்தில் எனக்குத் தடுமாற்றம். மீசையை முறுக்கும் அப்பா என்றால் எழுதுவது சுலபம். இவருக்கு மீசையே இல்லை. வழியில் சாப்பிட முட்டை அவித்துக் கட்டிக் கொடுத்த மனிதர்.)

3.

வினை வந்தது வீடு திரும்பிய பிறகு. கார்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த டேஷ்கேம் வழி முழுவதையும் பதிந்திருந்தது. அத்தனை மணி நேரப் படத்தை எந்த அப்பா உட்கார்ந்து பார்ப்பார்? யோகேஸ்வரி கணினியில் ஒரு குட்டி ஸ்கிரிப்ட் எழுதினாள். சில வினாடிகளுக்கு ஒரு படம் எடுத்து, எல்லாவற்றையும் ஒட்டி, வேகமாக ஓட்டுவதுதான் அதன் வேலை. சிவப்பு விளக்குகளில் காட்சி அப்படியே நின்று கடுப்பேற்றியது. அதனால் இன்னொரு வரி சேர்த்தாள்: அடுத்தடுத்த படங்கள் ஒன்றுபோல் இருந்தால் தூக்கிப் போடு.

(கதை எழுதுகிறவர்களும் இதைத்தான் செய்கிறோம். ஆள் சும்மா நிற்கிற இடத்தையெல்லாம் வெட்டிவிட்டு அதற்கு விறுவிறுப்பு என்று பெயர் வைக்கிறோம்.)

படம் பிரமாதம். வழியில் ஆயர் ஈத்தாம் ஊரின் பானைக் கடைகள் பறந்தன, குளுவாங் நகரம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை, இரண்டே நிமிடத்தில் கடல். அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"முனியாண்டிகிட்ட நிக்கலியே நீ."

"நின்னேன்ப்பா!"

"எங்க நின்ன? கோயிலு சர்ருனு போவுது."

"நின்னத ஸ்கிரிப்ட் வெட்டிருச்சுப்பா."

"ஸ்கிரிப்ட யாரு எழுதுனா?"

அலமாக்! அசல் படத்தைக் காட்டலாம் என்று ஓடினாள். டேஷ்கேமின் நினைவக அட்டை நிறைந்தால் பழையதை அழித்துவிட்டு அதன்மேலேயே பதியும். அப்பா அதற்குள் காரை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியிருந்தார். அட்டையில் முனியாண்டி இருந்த இடத்தில் இப்போது சந்தை வாகன நிறுத்தம்தான் பதிந்திருந்தது.

பொய் சொல்கிறாய் என்று அவர் சொல்லவில்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கெழமை நானும் கூட வர்றேன். நீ ஓட்டு."

4.

இனி முடிவு. எழுதி அடித்தவை:

கோயில் பூசாரி ஓடிவந்து சாட்சி சொல்கிறார். (இது சினிமா.)

அவள் ஏற்றிய கற்பூரத்தின் கரி அங்கேயே... (தினமும் மழை கொட்டுகிறது. கரியாவது ஒன்றாவது.)

வீம்புக்கு அவள் நிற்காமலே தாண்டிப்போகிறாள். (எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் முனியாண்டிக்கு யார் பதில் சொல்வது?)

சிக்கல் இதுதான். நின்றால், அப்பா பக்கத்தில் இருப்பதால் நின்றாள் என்றாகும். நிற்காவிட்டால், அன்றைக்கும் இப்படித்தான் என்றாகும். பாவம், பெண் எந்தப் பக்கம் போவாள்?

கடைசியாக இப்படி எழுதினேன்: கோயில் தெரிகிறது. அவள் சிக்னல் போடுகிறாள். அய்யாவு, "நேரா போம்மா. நீதான் அன்னைக்கே நின்னு சொல்லிட்டியே" என்கிறார்.

இதை நேற்று அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"எங்கப்பா இப்படிலாம் பேச மாட்டாருக்கா" என்று சிரித்தாள். பிறகு டீக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பேசிட்டாருன்னு வைங்க, அது போதும், எனக்கு அந்தக் காடிச் சாவியே வேணாம்க்கா. பஸ்ல போயிக்குவேன்."

5.

இன்று சனிக்கிழமை. நாளைக் காலை இருவரும் கிளம்புகிறார்கள்.

நீங்கள் பின் சீட்டில் ஏறிக்கொள்ளுங்கள். கோயில் இடது பக்கம் வரும். யோகேஸ்வரி வேகத்தைக் குறைப்பாள், அய்யாவு வாயைத் திறப்பார். அவர் என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிவிடுங்கள். வேறு ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.