திருமதி லியாங்கின் மணிக்கூடு

2012ஆம் ஆண்டு வைகாசியில், மெரிலேண்ட்ஸில் புலம்பெயர்ந்து வாழ்ந்த அப்துல் வஹீதின் வீட்டு ஹோலில் இருந்த மணிக்கூட்டிலிருந்து கடல் தண்ணீர் ஓடத் தொடங்கியது. மணிக்கூடு அவருடையதல்ல. இருநூறு வருடங்களுக்கு முன் லண்டனில், சீனத்துப் பெரிய வீடுகளுக்கென்றே செய்து கப்பலேற்றிய வகை அது: பொன்முலாம் பூசிய கோபுரம், முகப்பைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாகக் கற்கள், அடியில் ஒரு சின்ன அருவி. அருவி என்றால் முறுக்கிய கண்ணாடிக் குச்சிகள்தான். சாவி கொடுத்தால் அவை சுழலும், தண்ணீர் விழுவதுபோல் தெரியும். அதே நகரத்தில் ஹர்ஸ்ட்வில் பக்கம் வசித்த திருமதி லியாங், உதிர்ந்துபோன கற்களைப் பதிக்கச் சொல்லி, கல் பதிக்கும் தொழில் செய்த வஹீதிடம் அதைக் கொடுத்திருந்தார்.

குழாய் உடைந்துவிட்டது என்றுதான் வஹீது நினைத்தார். பிளம்பர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தான், மணிக்கூட்டையும் பார்த்தான், இது தன் வேலையில்லை என்று போய்விட்டான். வஹீதின் மனைவி ரினோசா விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது, டீசலும் மணத்தது. அவளுடைய தம்பி ஸஃப்வான் மட்டக்களப்புப் பக்கமிருந்து இங்கே வரப் படகேறி, அதன்பின் ஒரு தகவலும் இல்லாத காலம் அது.

முலாம் கறுத்துவிடும், கற்கள் கழன்றுவிடும், என்ன முகத்தோடு அந்த அம்மாவிடம் திருப்பிக் கொடுப்பது என்று வஹீது பயந்தார். சாவி கொடுக்காமல் விட்டால் தண்ணீர் நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். ரினோசா விடவில்லை.

"நிப்பாட்டாதீங்க. இது நிண்டா அவனும் நிண்டிருவான்."

அவர் தினமும் காலையில் சாவி கொடுத்தார். அவள் தினமும் பேசின் பேசினாக அள்ளிக் கொல்லையில் ஊற்றினாள். புல் கருகியது. சில நாள் தண்ணீர் துள்ளிச் சுவரெல்லாம் அடித்தது. அந்த நாட்களில் ரினோசா சாப்பிடவில்லை. வஹீது துணியால் ஒவ்வொரு கல்லாகத் துடைத்தபடியே இருந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை, ரினோசா வழக்கம்போல் விரலை நாக்கில் வைத்தவள் அப்படியே நின்றாள். பிறகு போய்க் கேத்திலை எடுத்துவந்து அருவிக்குக் கீழே பிடித்தாள்.

"புள்ள, அது ஆக்கள்ட சாமான்!" என்று கத்தினார் வஹீது.

"உப்பில்ல. நல்ல தண்ணி."

அந்தத் தண்ணீரில் போட்ட பிளேன்டீயைக் குடித்துக்கொண்டிருக்கும்போது படகில் வருபவர்களை அடைத்துவைக்கும் கிறிஸ்மஸ் தீவு முகாமிலிருந்து போன் வந்தது. "ராத்தா, நான் ஸஃப்வான். உசிரோட இரிக்கன்." ரினோசா போனைக் கணவரிடம் நீட்டினாள். வஹீது அதை வாங்கி, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

மணிக்கூட்டை எடுக்கத் திருமதி லியாங் வந்தபோது அதிலிருந்து தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வஹீது தலைகுனிந்து நின்றார். அந்த அம்மா ஒரு கல் விடாமல் தடவிப் பார்த்தார், வேலை சுத்தம் என்றார். தங்கள் குடும்பம் ஹொங்கொங்குக்குத் தப்பிவந்த வருடம் அதில் சேற்றுத் தண்ணீர் வந்ததாம், தன் தாயார் அதை அரிசி கழுவவும் எடுத்தாராம். கார் நனையாமல் அடியில் வைக்க ஒரு பழைய டவல் மட்டும் கேட்டார்.

2013இல் ஸஃப்வானுக்குத் தற்காலிக விசா கிடைத்தது. ஒரு ஞாயிறு மூவரும் ஹர்ஸ்ட்வில்லுக்குப் போனார்கள். கடல் வெயிலில் கருகிய தழும்புகள் இன்னும் மாறாத அந்த மெலிந்த மனிதனைத் திருமதி லியாங் கதிரையில் உட்காரவைத்து, மணிக்கூட்டிலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். எங்கிருந்து வருகிறதென்று அவன் கேட்கவில்லை. ஒரே மூச்சில் குடித்தான்.

"இன்னும் கொஞ்சம் தாங்க," என்றான்.