ஒருநாள் தவறாத சவரம்

சத்யப்ரியா கர்ப்பமான ஆறாவது ஆண்டில், தறியில் நெய்த சேலை சுருளும் படைமரம் வயிற்றில் இடிக்கிறது என்று தச்சரை வரவழைத்து அதை ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டாள். பிள்ளையார்பாளையத்தில் அந்த வாரம் தக்காளி கிலோ எண்பதுக்கு விற்றது. தெரு அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் மாத வயிறு அவளுக்கு ஐந்து வருடங்களுக்கும் மேலாக அப்படியே நின்றுவிட்டிருந்தது. வளரவுமில்லை, வற்றவுமில்லை, கனம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. அவள் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் கால் முறிந்து மொட்டைமாடியில் கிடந்தன. தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்காரும்போது மட்டும்தான் இடுப்புக்குக் கொஞ்சம் ஆறுதல். ஸ்கேன் எடுக்கிற இடத்தில், குழந்தை நன்றாக இருக்கிறது, தலைமுடி நிறைய இருக்கிறது, அடுத்த மாதம் வாருங்கள் என்றார்கள். ஒவ்வொரு மாதமும் அதையே சொன்னார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். மனைவி முழுகாமல் இருக்கும்போது புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது. பிள்ளை பிறக்கும்வரை தாடியோடு திரிவதுதான் இங்கே வழக்கம். அவள் புருஷன் இளவரசன் தினமும் மழித்துக்கொண்டான். செவ்வாய், வெள்ளி, அமாவாசை எதையும் பார்க்கவில்லை. அவனுக்குக் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் சேலை விரித்துக் காட்டுகிற வேலை. ஊரடங்கில் சலூன்கள் மூடிக்கிடந்தபோது, பழைய சாமான் வியாபாரி மொய்னுதீன், ராணிப்பேட்டைப் பக்கம் இடித்த ஒரு பங்களாவிலிருந்து வந்ததென்று ஒரு மரக்கிண்ணத்தை அவனுக்குக் கொடுத்தார். உள்ளே வெள்ளைக்காரன் பாதி தேய்த்துவிட்டுப் போன சவரச் சோப்பு இருந்தது. பிரஷ்ஷை நனைத்துச் சுற்றியதும் கடைந்த மோர் போல நுரை எழும்பியது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். அப்புறம் பீங்கான் கிண்ணம், வெள்ளீயக் கிண்ணம், கடலைத் தாண்டி வந்த டப்பாக்கள் என்று, பிள்ளையின் துணிமணிக்காக ஒழித்து வைத்த பீரோ தட்டு முழுக்க அவைதான். பழைய சோப்பின் சூட்சுமமே மாட்டுக் கொழுப்பு, இப்போது வருவதெல்லாம் வெறும் நுரை என்பான். வெள்ளிக்கிழமை கவிச்சி தொடாத தன் அம்மா ரேணுகாம்பாளிடம் மட்டும் எல்லாம் சந்தனச் சோப்பு என்று சொல்லி வைத்திருந்தான்.

போனில் அவனுக்கு ஒரு குழு உண்டு. இங்கிலாந்து, இத்தாலி என்று பல ஊர்க்காரர்கள், காலையில் எந்தச் சோப்பு, எந்தக் கிண்ணம் என்று நுரை அப்பிய கன்னத்தோடு படம் போடுவார்கள். ஒருநாள் விட்டால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இளவரசன் ஒருநாள்கூட விட்டதில்லை. முகம் தெரியாத ஒரு தாத்தா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதற்காக ஒருவன் பெண்டாட்டியை இப்படி நிறுத்தி வைப்பானா என்று கேட்டால், வைத்தான். நல்லவேளையாக அவனுக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை.

இரண்டாவது வருடம் டெங்கு வந்து காலையில் எழமுடியாமல் கிடந்தான். சாயங்காலத்துக்குள் கன்னம் சொரசொரத்தது, சத்யப்ரியாவுக்கு இடுப்புவலி கண்டது. ஆட்டோ தெருமுனைக்கு வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் மழித்துவிட்டு வந்தான். சுவிட்சை அணைத்தது போல வலி நின்றது. அதற்குப் பிறகு சந்தேகத்துக்கு இடமே இல்லை. இருந்தும் தெருப்பெண்கள் அவளுக்குக் கர்ப்பப்பை இறுக்கம் என்றார்கள், பிடிவாதக்காரி என்றார்கள். ஆம்பளை முகத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் அதுவும் குற்றமா என்று கேட்டார்கள். நாக்கில் நரம்பில்லாதவர்கள். ஒருநாள் அவள் அத்தனை சோப்பையும் மடியில் கட்டிக்கொண்டு போய், சாயப்பட்டறையில் பட்டுநூல் வேகிற அண்டாவில் கொட்டினாள். எந்தக் காலத்திலும் இல்லாத மினுமினுப்போடு நூல் வெளுத்து வந்தது. அதில் நெய்த முகூர்த்தச் சேலைகள் போட்டி போட்டுக்கொண்டு விற்றன. இளவரசன் கோபப்படவில்லை. அன்றைக்குத் துணிசோப்பில் மழித்துப் படம் போட்டான், வாரக் கடைசியில் மொய்னுதீன் புதுச் சரக்கோடு வந்தார்.

ரேணுகாம்பாளுக்கு உடம்பு தளர்ந்தது. மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"ஒரு வாரம் வுட்றாப்பா. பேரப்புள்ள மூஞ்சியப் பாத்துட்டுப் போயிட்றேன்."

"இந்தச் சோப்பு தீரட்டும்மா."

மருமகள் தறியில் இருந்தபோது ரேணுகாம்பாள் கிட்டே போய்ச் சொன்னாள்.

"நான் செத்துட்டா காரியம் முடியறவரைக்கும் அவன் கத்தி எடுக்க முடியாதும்மா. ஊரே பாத்துக்கினு இருக்கும்."

சத்யப்ரியா அப்படிச் சொல்லாதீங்க என்று சொல்லவில்லை. நூல் ஓட்டும் நாடாவை இழுத்து விட்டாள். மறுநாளிலிருந்து ரேணுகாம்பாள் சாப்பாட்டை நிறுத்தினாள். முதலில் கஞ்சி சுடச்சுட வந்தது, அப்புறம் ஆறிப்போய் வந்தது, அப்புறம் வரவே இல்லை. மருமகள் ஒரு வாய் குடியுங்கள் என்று வற்புறுத்தவே இல்லை என்று தெரு இன்றைக்கும் பேசும். பேசட்டும். அந்த வயிற்றை ஐந்து வருடம் சுமந்துவிட்டு வந்து பேசட்டும். இளவரசன் அம்மா ஏதோ விரதம் என்று நினைத்துக்கொண்டான்.

மாசி மாதத்தில் ரேணுகாம்பாள் செத்துப்போனாள். கர்ப்பிணியின் புருஷன் சுடுகாட்டுக்குப் போகக்கூடாது என்றாலும் பெற்ற தாய்க்கு அதில் விலக்கு உண்டு. கொள்ளி வைக்கும் முன் தலையும் முகமும் மழிக்க வந்த நாவிதரிடம் இளவரசன் தன் கிண்ணத்தையும் சோப்பையும் கொடுத்தான், படமும் எடுத்துக்கொண்டான். இனி பதினாறாம் நாள் காரியம்வரை கத்தி படாது. மறுநாள் முழுக்க உறவுக்காரர்கள் சூழ உட்கார்ந்திருந்ததால் அவனால் அசையமுடியவில்லை. இருட்டும் நேரத்தில் சத்யப்ரியாவுக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விடியும்போது, "தல தெரியுதும்மா, இன்னும் ஒரே முக்கு" என்றாள் நர்ஸ். கருகருவென்று முடி. சத்யப்ரியா பல்லைக் கடித்துக்கொண்டு மாமியாரை நினைத்தாள், முக்கினாள்.

வெளிநாட்டுக் குழுவில் நாள் முடிவது இங்கிலாந்துக் கணக்குப்படி. நமக்கு அது விடிகாலை. இளவரசன் பையில் சின்னக் கிண்ணம் ஒன்று வைத்திருந்தான். ஆஸ்பத்திரிக் கழிவறையில் அவன் இரண்டாவது கன்னத்தை மழித்து முடித்த நேரத்தில், தெரிந்த தலை வந்த வழியே உள்ளே போய்விட்டது. நர்ஸ் ஏந்திய கையோடு அப்படியே நின்றாள். அவன் காதுக்குப் பின்னால் நுரையோடு வாசலில் வந்து நின்று, என்ன குழந்தை என்று கேட்டான். தாய்க்காகத் துக்கம் காக்கிற நாட்களில் மழித்தவனை என்ன செய்வது என்று உறவுக்காரர்கள் கூடிப் பேசினார்கள். அம்மா போன துயரத்தில் புத்தி தடுமாறிச் செய்துவிட்டான், பாவம், ஆம்பளைக்குத் தாங்காது என்று முடிவானது. சத்யப்ரியாவை ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். இளவரசனின் அம்மா எதற்காகப் பட்டினி கிடந்து செத்தாள் என்பதை யாரும் எடுத்துப் பேசவில்லை.

சித்திரையில் இளவரசனுக்குக் கடையில் மயக்கம் வந்தது. டாக்டர் ரத்தக்கொதிப்பு ஏகத்துக்கு இருக்கிறது என்று சொல்லி, சாப்பாட்டு விஷயத்தை வீட்டுக்காரம்மாவிடம்தான் சொல்லவேண்டும் என்று சத்யப்ரியாவை வரச்சொன்னார். எதெல்லாம் ஆகாது என்று அவள் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், தாராளமாகப் போட்ட உப்பு. செத்தவன் சவரம் செய்துகொள்ள மாட்டான். அன்றிலிருந்து அந்த வீட்டுச் சமையல் தெருவையே மணக்கச் செய்கிறது. மாமியார் போன பிறகுதான் இவளுக்குக் குடும்பம் நடத்தத் தெரிந்தது என்று தெருப்பெண்கள் மெச்சிக்கொள்கிறார்கள். இளவரசன் தினமும் வழவழத்த முகத்தோடு வந்து தட்டின் முன் உட்காருகிறான்.

"கருவாட்டுக் கொழம்பு சூப்பரா இருக்குதும்மா. இன்னும் கொஞ்சம் ஊத்து."

அவள் வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு குனிந்து ஊற்றுகிறாள், ஓரத்தில் இன்னொரு ஊறுகாய்த் துண்டையும் வைக்கிறாள். உள்ளே இருப்பதும் இப்போதெல்லாம் உதைப்பதில்லை. அதற்கும் அவசரமில்லை.